பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது

கண்டி மணிக்கூட்டுக் கோபுர பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில் நான் வழக்கமாகப் போகும் போன் கடை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு முக்காலி. திரை மாற்றுவது, பற்றரி போடுவது, ரீலோட் பண்ணுவது, அவ்வளவுதான் வியாபாரம். கடைக்காரத் தம்பி கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அவன் சிங்களம் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மெனிக்ஹின்னைக்காரன் என்று சத்தியம் செய்வீர்கள்.

போன மாதம் நான் போனபோது ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். மற்றவர் அக்குறணையில் கடை வைத்திருப்பவர். புதிதாக வந்திருக்கும் ஒரு போனைப் பற்றி மும்முரமான வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்த விலைக்கு அது பெறுமதியா, டொலர் இறங்கினால் விலை இறங்குமா, 18 வீத வற் வரியைப் போட்டுவிட்டு மனிசன் எப்படிப் போன் வாங்குவது, போன் கம்பனிக்காரன் பற்றரியை வேண்டுமென்றே சாகடிக்கிறானா. ஆசிரியர் சிங்களத்தில் கேட்டார், அக்குறணைக்காரர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார், தம்பி இரண்டு பக்கமும் தலையாட்டினான். நானும் என் பங்குக்கு ஒரு பிழையான தகவலைச் சொன்னேன். யாரும் கோபிக்கவில்லை. இலங்கையில் மூன்று சாதிச் சனமும் ஒரே குரலில் திட்டக்கூடிய விஷயங்கள் சில உண்டு. வரி அதில் முதலாவது.

அவர்கள் இருவரும் போன பிறகு தம்பி தன் போனை என்னிடம் நீட்டினான். "சேர், இத ஒருக்கா பாருங்க. என்ன போட்டிருக்கான்?" நாலைந்து பேர் அவனுக்கு அனுப்பியிருந்த சிங்களச் செய்தி. சிவப்பு எழுத்து, கீழே ஆச்சரியக் குறிகள். வாசித்துப் பார்த்தேன். மறுநாள் காலை ஒன்பது மணி முதல் நீர்வெட்டு. தம்பிக்கு முகம் தெளிந்தது. "நான் என்னமோ கலவரமாக்கும்னு நினைச்சேன்" என்றான்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டியின் நிலைமை அந்த ஒரு வரியில் இருந்தது. நாங்கள் பேச்சில் இருமொழிக்காரர்கள், எழுத்தில் ஒருமொழிக்காரர்கள். இந்த நகரத்துச் சந்தையில் வெற்றிலை விற்பவர் முதல் நகைக்கடை முதலாளி வரை இரண்டு மொழியிலும் பேரம் பேசுவார்கள். தோட்டத்துக்குப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் பேசும் சிங்களவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் எழுத்து என்று வந்தால் பெரும்பாலானவர்களுக்கு மற்றவரின் மொழி வெறும் வளையமும் சுழியும்தான். வாய்வழியாகப் புழங்கிய ஊர்ப்பேச்சு எழுத்துக்கு மாறியபோது, நாங்கள் அறியாமலே ஒருவருக்கொருவர் செவிடர்களானோம். தேநீர்க் கடையில் ஒருவன் வாய்க்கு வந்ததைச் சொன்னால் பக்கத்து மேசைக்காரன் "என்ன சொன்னாய்?" என்று திரும்புவான். போனுக்குள் அவன் திரும்ப முடியாது. அவனுக்கு அது வாசிக்கவே தெரியாது.

மொழி புரியாத ஒரு தலையசைப்புக்கு இந்த நாடு கொடுத்த விலையை நினைத்துப் பார்க்கலாம். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஏதோ கட்டியைக் கண்டு சிங்களத்தில் சத்தம் போட்டார். மலட்டு மாத்திரை போட்டிருக்கிறாயா என்பதுதான் கேள்வி. காசுப் பெட்டியில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஓம், போட்டோம் என்ற பாவனையில் பதில் சொல்லிவிட்டார். அதை ஒருவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அந்தச் சில விநாடிப் படம் நாடு முழுக்கச் சுற்றியது. அப்படி ஒரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அது மாவுப்பொருள்தான் என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. பின்னர் வருவதுதான் அறிவித்தல்களின் இயல்பு.

அதே நாட்களில் தெல்தெனியவில் பெப்ரவரி 22ஆம் திகதி, வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் சிலர் தாக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்தார். அது குற்றம், சந்தேக நபர்கள் பிடிபட்டிருந்தார்கள், நீதிமன்றம் பார்த்திருக்க வேண்டிய விஷயம். அம்பாறைப் படம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த ஊரில் அது அப்படி முடியவில்லை. மார்ச் 4ஆம், 5ஆம் திகதிகளில் திகனவும் தெல்தெனியவும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை. அடுத்த நாட்களில் அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கமெல்லாம் பயம் பரவியது. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் சேதமாயின. எரிந்த வீடொன்றுக்குள் ஓர் இளைஞனின் உடல் கிடந்தது.

அந்த நாட்களில் பரவிய காணொளிகளில் ஒன்று இன்னும் என் தலையில் நிற்கிறது. மகசோன் பலகாய என்ற சிங்களக் கடும்போக்கு அமைப்பின் தலைவர் அமித் வீரசிங்க திகன நகரில் நடந்துகொண்டே பேசுகிறார். துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்தோம், சிங்களவரின் கடை இருபதுகூடத் தேறவில்லை, இந்த ஊர் கைவிட்டுப் போய்விட்டது என்பது அவருடைய முறைப்பாட்டின் சாரம். அவர் அங்கே எண்ணியது கடைகளைத்தான். கோயில், விகாரை, சனத்தொகை எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இந்த நாட்டின் வதந்திகளை ஒரு பட்டியலாகப் போட்டுப் பார்த்தால் எல்லாமே ஏதாவது ஒரு சாமானைப் பற்றியதாக இருக்கும். 2013இல் சண்டை ஹலால் இலச்சினையைப் பற்றியது. பிஸ்கட் பெட்டியின் மூலையில் இருந்த ஒரு சிறு வட்டத்துக்கு எதிராகப் பொதுபல சேனா என்ற பௌத்த கடும்போக்கு அமைப்பு ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. ஹலால் சான்றிதழ் கொடுத்துவந்த அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் அந்த இலச்சினையை வற்புறுத்துவதிலிருந்து மார்ச் மாதம் பின்வாங்கியது. பிறகு முஸ்லிம் துணிக்கடைகள். அங்கே வாங்கும் உடுப்பில் ஏதோ பூசியிருக்கிறது, கொடுக்கும் டொபியில் ஏதோ கலந்திருக்கிறது என்ற கதைகள். 2019 மே மாதம் கண்டி மாவட்டத்து ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பொலிஸார் கைது செய்தார்கள். அவர் அணிந்திருந்த சட்டையில் அச்சிட்டிருந்தது தர்மச் சக்கரம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். எந்த நாட்டுத் தொழிற்சாலையிலோ யாரோ ஒரு வடிவமைப்பாளர் கடலை நினைத்து வரைந்த படத்துக்காக ஹசலக்கவில் ஒரு பெண் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார்.

ஏன் எப்போதும் சாமான்? எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். இங்கே நாங்கள் தனித்தனிப் பள்ளிக்கூடங்களில் படிக்கிறோம், தனித்தனிப் பத்திரிகை வாசிக்கிறோம், தனித்தனியாகக் கல்யாணம் கட்டிக்கொள்கிறோம், தனித்தனியாகப் புதைக்கவோ எரிக்கவோ போகிறோம். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஏதாவது மாறுகிற இடம் கடை ஒன்றுதான். சந்தேகம் நுழைய வேறு வாசல் கிடையாது.

இது முகநூலோடு பிறந்த வியாதி என்று சொல்பவர்களைக் கண்டியின் காசில் ஹில் தெருவுக்கு ஒருமுறை அழைத்துப் போக வேண்டும். 1915 மே 28ஆம் திகதி, வெசாக் இரவு, அந்தத் தெருப் பள்ளிவாசலுக்கு முன்னால் தொடங்கிய சண்டைதான் ஒரு வாரத்துக்குள் மேற்கு, தெற்கு மாகாணங்கள் வரை போனது. அதற்குப் பின்னால் கம்பளைப் பெரஹரா வழக்கு இருந்தது. பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா என்ற கேள்வி உயர்நீதிமன்றம் வரை போய் வந்திருந்தது. ஆனால் அதன் அடியில் உலக யுத்த காலத்து விலைவாசியும் இருந்தது. கடையில் சாமான் விலை ஏறியது. அந்தக் கடையில் இருந்தவர் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கண்டியின் கதை ரயிலேறி ஊர் ஊராக இறங்கியது. அப்போதைய தொழில்நுட்பங்கள் ரயிலும் அச்சகமும். பிரித்தானிய அரசு ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பித்தது, அநாகரிக தர்மபாலவின் சிங்கள பௌத்தயா பத்திரிகையைத் தடை செய்தது, ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞரைச் சுட்டுக் கொன்றது. கலவரத்தை அடக்கியதைவிட அநியாயத்தைப் பெருக்கியதுதான் அதிகம். தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் லண்டன் வரை போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். முஸ்லிம்கள் அதை மறக்கவில்லை. அந்த மனக்கசப்பு தனியாக எழுத வேண்டிய கதை.

பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 மே 23ஆம் திகதி, நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு ஒரு முஸ்லிம் வைத்தியர் கருத்தடை செய்துவிட்டார் என்ற கதை முதலில் வந்தது யாருடைய போனிலும் அல்ல, திவயின பத்திரிகையின் முதல் பக்கத்தில். குருணாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதாகி, வேலையிழந்து, ஆண்டுகள் அலைந்தார். 2022இல் நிலுவைச் சம்பளமாகக் கிடைத்த 26 இலட்சத்துக்கும் அதிகமான ரூபாவை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கவே கொடுத்தார். அச்செழுத்து நம்பகமானது, போன் எழுத்து நம்பத்தகாதது என்று பெருமூச்சு விடும் என் வயதுக்காரர்கள் இந்தக் கதையை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

ஆனாலும் முகநூல் கம்பனியை அப்படியே விட்டுவிடவும் முடியாது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 செப்டெம்பரிலேயே, முஸ்லிம்களுக்கு எதிரான அளுத்கமைக் கலவரம் நடந்து சில மாதங்களில், 20 சிங்கள முகநூல் குழுக்களை ஆராய்ந்து என்ன நடக்கிறது என்று ஓர் அறிக்கையில் எழுதிவிட்டது. நாலு வருஷம் கழித்துத் திகன எரிந்தபோதும் அந்தக் கம்பனியிடம் சிங்களம் வாசிக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. குழந்தைகளைக்கூட விடாதே, கொல் என்ற அர்த்தத்தில் எழுதப்பட்ட பதிவைப் பற்றி முறையிட்டவர்களுக்குக் கிடைத்த பதில், அது எமது சமூக நியமங்களை மீறவில்லை என்பது. அங்கே கலிபோர்னியாவில் இருந்தவரும் எங்கள் போன் கடைத் தம்பியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே தரம்: இருவருக்கும் அந்த எழுத்து வெறும் வளையமும் சுழியும். தம்பி அதில் காசு பார்க்கவில்லை, அதுதான் வித்தியாசம். மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கிய பிறகுதான் கம்பனிக்காரர்கள் கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். 15ஆம் திகதி தடை நீங்கியது. மன்னிப்பு வந்தது 2020 மே மாதத்தில்.

முடக்கிய அந்த ஒரு வாரத்தில் கண்டியில் என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஊரடங்கு. வீட்டில் பால்மா இருக்கிறதா என்று பார்க்கிற நேரம். பாடசாலைப் பிள்ளைகள் பெற்றோருக்கும் பாட்டிமாருக்கும் வீபீஎன் போட்டுக் கொடுத்தார்கள். வதந்திக்காரனிடம் வீபீஎன் முதலே இருந்தது. பாதை தெரியாமல் தவித்தது, மகன் பத்திரமாக வந்து சேர்ந்தானா என்று கேட்க நினைத்த தாய்மார்தான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் கோத்தாபயவுக்கு எதிராகத் தெருவில் இறங்கியபோது மறுபடி முடக்கினார்கள். அன்று அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, நானும் வீபீஎன் மூலம்தான் எழுதுகிறேன், இந்தத் தடையால் பயனில்லை என்று டுவிட்டரில் போட்டார். ஓர் அரசாங்கம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. சில மணி நேரத்தில் தடையை எடுத்துவிட்டார்கள்.

முடக்குவது பலிக்காவிட்டால் சட்டம். சட்டம் எப்படி வாசிக்கிறது என்பதற்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கதை இருக்கிறது. றம்ஸி ராசிக் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். சிங்களத்தில், நல்ல சிங்களத்தில், இன ஒற்றுமையைப் பற்றியும் தன் சமூகத்துக்குள் இருந்த தீவிரவாதத்துக்கு எதிராகவும் முகநூலில் எழுதி வந்தவர். 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொரோனாவைச் சாட்டி முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்புப் பரவியபோது, இப்போது தேவை பேனையாலும் விசைப்பலகையாலும் நடத்தும் கருத்தியல் ஜிஹாத் என்று எழுதினார். 9ஆம் திகதி கைது. வெறுப்பைத் தடுப்பதற்கென்று இருந்த, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சட்டத்தின் பிரிவுகளே அவர்மேல் பாய்ந்தன. ஐந்து மாதத்துக்கு மேல் சிறையில் இருந்து செப்டெம்பர் 17ஆம் திகதிதான் பிணை கிடைத்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா இழப்பீடு கொடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. எழுத்து வேலியைத் தாண்டி, மற்றவரின் மொழியிலேயே மற்றவருக்கு எழுதிய ஒரு கண்டிக்காரரைத்தான் அரசு தேடிப் பிடித்தது. அவர் தமிழில் எழுதியிருந்தால் யாரும் கண்டிருக்கவே மாட்டார்கள்.

றம்ஸி கைதாவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன், 2019இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து மூன்று வாரம் கழித்து, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது அதன் பொருள். தன்னைக் கேலி செய்தவருக்குச் சொன்ன பதில். அது சிங்களத்துக்குப் போனபோது அடுத்த குண்டுக்கான எச்சரிக்கையாக மாறிவிட்டது. அன்று சிலாபத்தில் ஊரடங்கு. மறுநாள் கலவரம் குளியாப்பிட்டி, மினுவாங்கொடை வரை போனது. மூன்றாவது மொழியொன்று நடுவில் வந்தால் பாலமாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. ஐவரையும் ஜனாதிபதி நியமிப்பது சரியா என்று பெரியவர்கள் வாதாடினார்கள். எனக்கு அதைவிடச் சின்னக் கேள்விதான். அந்த ஐவரில் எத்தனை பேருக்குச் சிங்களமும் தமிழும் இரண்டும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்? 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேருகிறவர்கள் இரண்டாம் மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. என் பிரதேச செயலகத்துப் படிவங்களை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. வாசகர்களுக்கும் பிரதேச செயலகம் இருக்கிறது.

இந்த இடத்தில் போன் செய்திகளுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. புதுப் போன், மின்சாரக் கார், 2025 ஜூலையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் பற்றிய சிங்களப் பேச்சையெல்லாம் நானும் தம்பியும் தடையில்லாமல் வாசிக்கிறோம். எப்படி? அவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதிய சிங்களம். எழுத்துக்கூட்டி வாசித்தால் காதுக்குத் தெரிந்த மொழியாகிவிடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டபோது, வரியைக் கேட்டு நாடு முழுக்க விட்ட பெருமூச்சை அப்படித்தான் தம்பி வரிக்கு வரி வாசித்து எனக்குச் சொன்னான். அதிலே வசவு இருந்தது, நக்கல் இருந்தது, முழுப் பொய்யும் இருந்தது. ஆனால் உடனே யாராவது திருத்தினார்கள். இனம் பற்றிய விஷம் மட்டும் ஏனோ சுத்தமான சிங்கள எழுத்திலும் சுத்தமான தமிழ் எழுத்திலும்தான் வருகிறது. ஏனோ என்ன ஏனோ. எழுதுகிறவனுக்குத் தெரியும், மற்றவன் வாசிக்கப் போவதில்லை என்று.

சுத்தமான தமிழ் என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் யோக்கியன் இல்லை. திகன எரிந்தபோது நாங்கள், கண்டித் தமிழர்கள், கதவைச் சாத்திக்கொண்டு இது எங்கள் சண்டையில்லை என்று இருந்தோம். சிங்கள எழுத்து வாசிக்கத் தெரிந்த என்னைப் போன்ற சிலர், அங்கே என்ன எழுதுகிறார்கள் என்று கண்டோம். பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு அதை வாசித்துச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பயப்படுத்த வேண்டாமே என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். அடுத்த வருஷம் குண்டுகள் வெடித்தபோது செத்தவர்களில் எங்கள் சனம் நிறைய. கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் தேவாலயத்துக்குப் போனவர்கள். கோபம் நியாயம்தான். அந்தக் கோபத்தோடு எங்கள் தமிழ் வட்ஸ்அப் குழுக்களில் வந்ததைச் சிங்களத்தில் மொழிபெயர்த்தால் 2018இல் திகனவைப் பற்றி வந்ததற்கும் இதற்கும் ஒரு சொல் வித்தியாசம் இருக்காது.

எங்கள் குடும்பங்கள் சேர்ந்த குழு ஒன்றில் அந்த மே மாதம் ஒரு செய்தி வந்தது. கண்டியில் இன்ன இன்ன கடைகளில் உடுப்பு வாங்காதீர்கள், பெருநாளுக்குச் செருப்பு வாங்காதீர்கள், சாப்பாட்டில் கவனம் என்று ஒரு பட்டியல், கடைப் பெயர்களோடு. அனுப்பியவர் நல்ல மனிசர், என் தகப்பனாரின் மரணச் சடங்கில் முதல் ஆளாக வந்து நின்றவர். பட்டியலில் இருந்த ஒரு கடையில்தான் போன தீபாவளிக்கு அவரும் நானும் சேர்ந்து வேட்டி எடுத்தோம். கடன் சொல்லிக்கூட.

அரை மணி நேரம் யோசித்தேன். பிறகு, "அண்ணன், அம்பாறையில் மாத்திரை என்று சொன்னதும் இப்படித்தான் தொடங்கியது. அந்தக் கடைக்காரருக்கு நாங்கள் இன்னும் காசு பாக்கி" என்று எழுதினேன். நீல நிற அடையாளங்கள் வந்தன. நாற்பத்தாறு பேர் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு பத்து மணி வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பத்தரைக்கு ஒரு மச்சினன், ஏதோ ஒரு போனின் கழிவு விலை விளம்பரத்தை அனுப்பினான். ஏழு பேர் கட்டை விரல் போட்டார்கள். அண்ணன், "எங்க வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார்.